ஒன்பதாவது காசின் முகம்

நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் கிணற்றை ஆழப்படுத்தியபோது, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அப்பாவின் கடப்பாரை ஒரு மண்கலயத்தை உடைத்தது. உள்ளே ஒன்பது பொற்காசுகள். நான் அப்போது ஆறாம் வகுப்பு.

அப்பா உடனே மணியக்காரரை அழைத்துவந்து காட்டினார். பிற்காலத்தில் வருவாய்த்துறையில் தலை நரைக்கும்வரை இருந்தும், புதையலைத் தானாக வந்து சொன்ன இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

மணியக்காரர் கண்டதைக் கண்டபடி மகஜராக எழுதிக்கொண்டார். ஒருபக்கம் இலைமாலை சூடிய ஆண் தலை, சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து. மறுபக்கம் கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் பெண். எட்டுக் காசுகளில் ஆணின் முகத்துக்குக் குறுக்கே ஆழமான வெட்டு. ஒன்றில் மட்டும் இல்லை. அவை ரோமாபுரிக் காசுகள் என்பதும், அந்நிய ராஜாவின் முகத்தை அந்தக் காலத்திலேயே நம்மவர்கள் வெட்டிவிட்டார்கள் என்பதும் நான் பின்னால் படித்தது.

மணியக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "இது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்குதுங்களே. போலின்னு சொல்லி உங்களப் புடிச்சுக்குவாங்களோ என்னமோ."

விதிப்படி காசுகள் மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும்.

"லச்சுமி உக்காந்திருக்கறா. வெள்ளிக்கெழம வூட்ட விட்டு அனுப்புவாங்களா?" என்றாள் அம்மா. மணியக்காரர் விதியை மடித்து வைத்துவிட்டு மகஜரை மட்டும் எடுத்துப் போனார்.

வெள்ளி மதியம் வீட்டில் யாரும் இல்லை. அரிசிப்பானையிலிருந்து காசுகளை எடுத்துப் பாவாடையில் பரப்பினேன். தலை, மாலை, எழுத்து, பெண், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. செய்தவன் ஒன்றில் கோடு போட மறந்திருக்கிறான். அதற்காக அப்பாவைப் பிடிப்பதா? உளியை எடுத்தேன். காசை அம்மிமேல் வைத்து, மற்ற எட்டையும் பார்த்துப் பார்த்து, மூக்கின் குறுக்கே ஒரே போடு. அப்பாவைக் காப்பாற்றிய திருப்தியில் அன்று இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை வந்த அதிகாரி மகஜரைப் படித்தார், காசுகளைப் புரட்டினார், மறுபடி படித்தார்.

"எட்டு வெட்டு, ஒண்ணு முழுசுன்னு எழுதியிருக்குது. இங்க ஒம்போதும் வெட்டு. முழுக்காச எங்கய்யா மாத்துன?"

மணியக்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அப்பா காசைப் பார்த்தார். பிறகு அம்மியருகே கிடந்த உளியைப் பார்த்தார். அதன் நுனியில் மஞ்சளாக ஏதோ மின்னியது. என் பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"மாத்தலீங்க சாமி. நான்தானுங்க வெட்டுனேன். பொன்னுதானான்னு பாக்க."

"சர்க்கார் சொத்துல உளி வெக்கறயா? ஏறு ஜீப்புல."

பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று சொல்லி என்னை வளர்த்தவர், அதிகாரியின் முகத்துக்கு நேராக, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பொய் சொல்கிறார்!

மூன்றாம் நாள் வீங்கிய கன்னத்தோடு அவர் திரும்பி வந்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பொய் சொன்னவரோடு பேசக்கூடாது என்று நான் உள்ளேயே இருந்துகொண்டேன்.