அவள் வைத்திருந்த நகல்

என் கீழே வேலை பார்த்த ஒரு பெண்ணின் மேல் பொய்யாகப் பழி போட்டேன். அவள் வேலை போயிற்று. தவறு முழுக்க என்னுடையது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல இந்த வயதில் தெம்பில்லை.

சிவகாசியில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் நானும் அவளும்தான். அவள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா பட்டாசுக் கம்பெனித் தொழிலாளி.

வார்டு, லேப், பார்மசி எல்லாவற்றையும் இணைக்கும் சுவிட்ச் ஒன்று உண்டு. அதை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, ஃபர்ம்வேரை, ஒரு ஞாயிறு மதியம் தனியாகப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். மாற்றுவதற்கு முன் அதன் அமைப்புகளை, செட்டிங்ஸை, நகலெடுக்க வேண்டும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அன்று எடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம், வேறொன்றுமில்லை.

புதிய பதிப்பில் லேப் கருவிகள் சேரவில்லை. பழைய பதிப்புக்கே திரும்பினேன். அதற்குள் புதியது அமைப்புகளைத் தன் முறையில் மாற்றி எழுதியிருந்தது. பழையதால் அதைப் படிக்க முடியவில்லை. கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல சுவிட்ச் வெறுமையாக நின்றது.

திங்கள் காலை நர்சுகள் பரிசோதனை முடிவுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு மாடி ஏறி இறங்கினார்கள். நிர்வாகி காரணம் கேட்டார்.

"அந்தப் பொண்ணு செட்டிங்ஸ சேவ் பண்ணவே இல்ல சார். கரண்டு போய் வந்ததும் எல்லாம் அழிஞ்சிருச்சு" என்றேன். சொல்லும்போது நாக்கு தடுக்கவே இல்லை.

சற்று நேரத்தில் அவள் பென்டிரைவோடு வந்தாள். "சார், போன வாரம் எடுத்த காப்பி இருக்கு. பழைய வெர்சன்தான, அப்படியே ஏத்திரலாம். பத்து நிமிசம்."

ஏற்றினால் என் பொய் தெரிந்துவிடும். "அது சரிப்பட்டு வராது. வச்சுக்கோ" என்றேன்.

மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கையால் அமைத்தேன். "என்ன சார், எங்க காலுதான் இப்ப வயரா?" என்று ஒரு மூத்த நர்ஸ் கேட்டுவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசியில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

சில வருடம் கழித்து, ஓய்வு பெற்று விருதுநகரில் இருந்தபோது உண்மையை எழுதி நிர்வாகிக்கு அனுப்பினேன். அவர் அவளைத் திரும்ப வேலைக்கு அழைத்தார். அவள் போகவில்லை. கடிதத்தின் பிரதியோடு அவள் வீட்டுக்கே போனேன்.

"எனக்கு எதுக்கு சார்? எங்கப்பாகிட்டப் படிச்சுக் காட்டுங்க. கம்பெனி வேன்ல 'ஆஸ்பத்திரிய அமத்துனவளப் பெத்தவரு'ன்னு இன்னும் கேலி பேசுறாக. அவரே என்னய முழுசா நம்பல."

மறுநாள் காலை வேன் நிற்கும் இடத்தில், ஏறக் காத்திருந்தவர்கள் முன்னால் படித்தேன். இரண்டு வரிகளைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. ஒருவன், "ஏலே, இம்புட்டு நாளு நாம கேலி பேசுனது இவுக பண்ணுன வேலைக்கா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அவள் அப்பா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அந்தப் பென்டிரைவு காப்பிய இன்னும் பெட்டியில வச்சிருக்கா சார். தூக்கிப் போடுன்னு நான்தான் வஞ்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். பிறகு, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் வேன் வந்துவிட்டது. ஏறி, என் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தார்.