ஒதுக்கமான இடம்

என் சகலைக்குக் கப்பலில் என்ஜினியர் வேலை. கல்யாணம் முடிந்து நாற்பதாம் நாள் கப்பலேறிப் போனவர் பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். என்னைவிட எட்டு வயது இளையவர். நேரில் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் மட்டும் 'அவன்' என்று சொல்லிக்கொள்வேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தூத்துக்குடியில் புது ஹார்பர் வந்த பிறகு வாசலில் அம்பாசிடர் டாக்ஸி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பேன். இரண்டாம் தடவை பார்த்தபோது காற்றைத் திறந்துவிட்டிருப்பேனோ என்று மூன்றாம் தடவையும் பார்ப்பேன்.

வந்த மூன்றாம் நாள் அவன் என் கொழுந்தியாளோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். எனக்கு ஒரு சிகரெட் லைட்டர். நான் சிகரெட் பிடிக்காதவன். என் வீட்டுக்காரிக்கு ஜப்பான் நைலக்ஸ் சேலை. இளநீலத்தில் வெள்ளைப் பூப்போட்டது. அதை அவள் வாங்கிய விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கையை முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள். நான் வாங்கிக் கொடுத்த எந்தச் சேலைக்கும் அவள் கையைத் துடைத்ததில்லை.

பிறகு அவன் பையிலிருந்து வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்தான். ஆப்பிரிக்கக் கரையில் கப்பல் நின்றபோது ஓட்டல்காரர்கள் கொடுத்ததாம். ஓலைக் கூரை போட்ட குடில்கள், உள்ளே வெள்ளை மெத்தை, மணலில் நீட்டிப் படுக்கிற நாற்காலி இரண்டே இரண்டு. வேறு ஆளே இல்லை. முழுக்க இங்கிலீஷ். என் வீட்டுக்காரி பத்தாவது பாஸ். எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒரு வார்த்தையில் தடுக்கினாள்.

"அதுக்கு அர்த்தம் ஒதுக்கம் மைனி," என்றான் அவன். "ஆள் அரவம் இல்லாத ஒதுக்கமான இடம். அந்த மாதிரி ஒண்ணுக்கு இவளக் கூட்டிட்டுப் போயி பத்து நாள் இருக்கணும்."

"கன்னியாகுமரி போங்களேன்," என்றேன்.

"அங்க பஸ் பஸ்ஸா வந்து எறங்குதாங்க அண்ணாச்சி. சூரியனப் பாக்கதா, சனத்தப் பாக்கதா?"

"திருச்செந்தூர்?"

"மொட்டை போட்ட தலையாத்தான் இருக்கும்."

"கோவளத்துல பெரிய ஓட்டல் கட்டியிருக்கான்லா?"

"வெள்ளக்காரக் கூட்டம். கப்பல்ல பாக்கது போதாதா? நம்ம கரையிலேயே ஒதுக்கமா, வசதியா ஒரு இடம் பாருங்க. உங்களுக்குத் தெரியாத ரோடா?"

என் வீட்டுக்காரி அந்தப் படத்தை விடவே இல்லை. விளக்குக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "ரெண்டே நாற்காலிதான் போட்டிருக்கான்," என்றாள், யாரிடமும் இல்லாமல். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் அவளை மணப்பாட்டுத் திருவிழாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அதுவும் வண்டியில் இன்னும் நாலு சவாரியை ஏற்றிக்கொண்டு. அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. அவனுடைய சம்பளத்துக்காக இல்லை. அவள் கண்ணில் நான் ஒரு படி இறங்கிவிட்டேன் என்று பட்டதே, அதற்காக. அவள் கண்ணில் மிச்சமிருந்த மதிப்பை மட்டும் இழக்கக்கூடாது என்று பயந்தேன்.

மறுநாள் இடம் பார்க்கக் கிளம்பினேன். ஹார்பரில் ஒரு கப்பல் ஏஜெண்டு சொல்லியிருந்தார்: திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் நடுவில், சின்னக் கடற்கரை ஊர் ஒன்றைத் தாண்டி, காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் கட்டிய பங்களா இருக்கிறது, பெரிய இடத்து ஆட்களுக்கு மட்டும் விடுவார்கள் என்று. தேரியின் செம்மணலில் சக்கரம் புதையுமோ என்று பயந்து பயந்து ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

நல்ல பங்களா. அதைப் பொய் சொல்லக்கூடாது. மொசைக் தரை, உட்கார்ந்து குளிக்கிற வெள்ளைத் தொட்டி, மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிஜ், கப்பலில் சமைத்த ஒரு சமையல்காரர். முன்னால் படி இறங்கினால் கடல். இடப்பக்கம், வடக்கே, ஒரு பனங்கூட்டம். கண்ணுக்கெட்டிய வரை ஆள் இல்லை. அவன் புத்தகத்தில் பார்த்தது அப்படியே இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது ஊர் முனையில் டீக்கடை. கடைக்காரருக்கு என் அப்பா வயசிருக்கும்.

"அண்ணாச்சி, அந்தப் பங்களாப் பக்கம் நல்லா ஒதுக்கமா இருக்குமா?" என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒதுங்கணுமா? அவசரமா?"

"எனக்கில்ல. எங்க சகலைக்கு."

"சகலைக்கு ஒதுங்க நீரு எடம் பாக்க வந்தீரா? நல்ல குடும்பம்வே!" கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். "ஆம்பளையளுக்குத் தெக்க, ஓடைப் பக்கம். வடக்க பனங்கூட்டத்துப் பக்கம் மட்டும் விடியக்கால தல காட்டிராதயும். அது பொம்பளைய ஒதுங்குத எடம். போன வருசம் ஒருத்தன் தெரியாமப் போயி நின்னான். துடுப்பாலயே சாத்திட்டானுவ."

டீ மூக்கில் ஏறியது எனக்கு. வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன். எங்கள் கரையில் ஒதுக்கம் என்றால் அதுதானே! வேலிமறைவு, உடைமரத்து மறைவு, ஆள் அரவம் இல்லாத மணல், எல்லாம் ஊருக்குக் காலைக்கடன் கழிக்கிற இடம். வீட்டில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கவேண்டும் என்று நினைத்தேன். அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது என் வீட்டுக்காரி இளநீல நைலக்ஸைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் தங்கை கொசுவம் சரி பண்ணிக்கொண்டிருந்தாள். அவன் கேமராவைக் கண்ணில் வைத்து, "மைனி, கொஞ்சம் இங்கன திரும்புங்க," என்றான். அவள் திரும்பினாள். எனக்கு அப்படித் திரும்பியதில்லை.

"இடம் எப்படி அண்ணாச்சி?"

"ரொம்ப ஒதுக்கம்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

சனிக்கிழமை நானே அவர்களைக் கொண்டுபோய் விட்டேன். என் வீட்டுக்காரி ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து சுட்டுக் கொடுத்திருந்தாள். கொழுந்தியாள் ஒவ்வொரு அறையாக ஓடினாள். தொட்டியில் வெறுமனே இறங்கி உட்கார்ந்து பார்த்தாள். அவன் படியில் நின்று கேமராவைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு விடியுமுன்ன எந்திச்சிரணும். அந்தப் பனங்கூட்டத்துல நின்னு சூரியன் எழும்புதத எடுத்தா அருமையா வரும்," என்றான்.

வாயைத் திறந்தேன். வந்தது வேறு பேச்சு. "கொசு இருக்கும் தம்பி," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆறுமுகநேரி வரும்வரை சிரிப்பு இருந்தது. அதற்குப் பிறகு கேமரா ஞாபகம் வந்தது. பொம்பளைகள் ஒதுங்குகிற இடத்தில், இருட்டோடு, கேமராவும் கையுமாக ஒருவன் நின்றால் துடுப்போடு போகுமா? வண்டியை ஓரங்கட்டினேன். திருப்பலாம். திருப்பிப் போய் என்ன சொல்வது? முன்னமே தெரியும் என்றா? இந்த ரோட்டில் தெரியாத திருப்பம் இல்லை எனக்கு, அந்தத் திருப்பத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியுமுன், மீன் வாங்கிப் பங்களாவில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். "நானும் வாரேன்," என்று என் வீட்டுக்காரியும் ஏறிக்கொண்டாள். வழியில் ஒவ்வொரு ஊரும் நீண்டுகொண்டே போனது. திருச்செந்தூர் தாண்டும்போதே வெளுத்துவிட்டது. வேகமாகப் போனேன். "என்ன, பிரசவத்துக்கா போறோம்?" என்றாள். பங்களா வாசலில் கூட்டம் நிற்கிறதா என்று தூரத்திலேயே தேடினேன்.

அவன் வராந்தாவில் நீட்டு நாற்காலியில் படுத்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கை, கால், மூக்கு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எனக்கு மூச்சு வந்தது. வந்த கையோடு, அவன் படுத்திருந்த சொகுசைப் பார்த்துப் பழைய எரிச்சலும் வந்தது.

கொழுந்தியாள் ஓடி வந்தாள். சிரித்து முடியவில்லை அவளுக்கு. "அக்கா, ஒனக்கு ஒண்ணு தெரியுமா? இவுக விடியக்கால கேமராவத் தூக்கிட்டு வடக்க போகப் பாத்தாவ. நான் சட்டையப் புடிச்சி இழுத்தேன். நேத்து சாயங்காலமே கெணத்தடியில அக்காமாரு சொல்லிட்டாவ, அது எங்க எடம்னு. சொல்லாட்டியும் எனக்குத் தெரியாதா? பாதை முழுக்கப் பொம்பளக் காலடி. அந்த அக்காமாரு போயிட்டு வந்த பெறவு நாங்க கடலுக்கு எறங்குததுன்னு பேசி வச்சிட்டோம். ஒரு அக்கா நண்டு தாரேன்னிருக்காவ." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க எடம் பாக்க வந்தப்ப யாரும் சொல்லலியா அத்தான்?"

"இல்லியே," என்றேன்.

"அண்ணாச்சி பாவம், ஆம்பளை. அவருக்கெப்படித் தெரியும்?" என்றான் அவன்.

என் வீட்டுக்காரி மீனைக் கொண்டுபோய் அடுக்களையில் வைத்தாள். கிளம்பி, ஊர் முனை டீக்கடையைத் தாண்டும்போது கடைக்காரர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "என்னவே, சகலை ஒழுங்கா ஒதுங்குதாரா?" என்று சத்தமாகக் கேட்டார்.

அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது?

கொஞ்ச தூரம் போனதும், "வண்டிய நிறுத்துங்க," என்றாள். நிறுத்தினேன். "தெரியும் ஒங்களுக்கு."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

நான் சேலையைச் சொன்னேன். கையைத் துடைத்ததைச் சொன்னேன். கேமராவுக்குத் திரும்பியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சின்னப்பிள்ளைப் பேச்சாகத் தெரிந்தது. அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் எரியலியா?" என்றாள். "கூடப் பொறந்தவ. நான் சமைச்சிப் போட்டு வளத்தவ. அவளுக்குத் தொட்டி, எனக்கு அண்டா. எனக்கும் எரிஞ்சிது. நான் முந்திரிக்கொத்து சுட்டுக் குடுத்தேன். நீங்க அடி வாங்க அனுப்பி வச்சீங்க."

"திரும்பிப் போயி சொல்லிட்டு வந்திருதேன்," என்று சாவியைத் திருகினேன்.

"ஒண்ணும் வேண்டாம். சொன்னா ஒங்களுக்குப் பாரம் எறங்கும். பாவம், அந்தப் பிள்ளைக்கு ஏறும். அவன் ஒங்கள அண்ணாச்சி அண்ணாச்சின்னு நம்புதான். நீங்களே வச்சிக்கிடுங்க."

பத்தாம் நாள் அவர்களை அழைத்து வரப் போனேன். என் வீட்டுக்காரியும் வந்தாள், திரும்பும்போது தங்கையோடு பின் சீட்டில் உட்கார்ந்தாள். அவன் முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பத்து நாளில் கறுத்து, தெம்பாக, பார்க்க எரிச்சல் வருகிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தான்.

"உலகத்துல எத்தனையோ கரை பாத்துட்டேன் அண்ணாச்சி," என்றான். "இப்படி ஒரு இடத்த நீங்க இல்லன்னா எனக்கு யாரு பாத்துக் குடுத்திருப்பா? அடுத்த லீவுக்கும் நீங்கதான் பாக்கணும்."

கண்ணாடியில் பார்த்தேன். என் வீட்டுக்காரியின் இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, நான் என்ன பதில் சொல்கிறேன் என்று.

"பாத்திருவோம் தம்பி," என்றேன். அந்தத் தடவை மனசுக்குள்ளும் தம்பி என்றே சொல்லிப் பார்த்தேன். பாதிதான் வந்தது.