வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் பெயர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குத் தினமும் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். அங்கே ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில் கைக்கு வந்த புதுப் போனில், எல்லோரையும்போல நானும் படம் எடுத்து நெட்டில் போட ஆரம்பித்தேன். மார்கழிக் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பேரணி ஸ்டேஷன் தாண்டும்வரை பனி விலகாது. ஏரி எது, வானம் எது என்று தெரியாது. அந்த மயக்கத்திலேயே எதையாவது எழுதிவிடுவேன். மகளுக்குப் பல் விழுந்தது, அவளுடைய ஸ்கூல் வேன் நிற்கும் முனை, வேளாங்கண்ணிக்குப் போய் நாலு நாள் தங்கியது, வீட்டுக்குள் மட்டும் அவளைக் கூப்பிடும் செல்லப் பெயர். யார் யாரோ இதயம் போடுவார்கள். முகம் தெரியாதவர்கள் என்னோடு அந்தப் பனியில் நடந்து வருவதுபோல இருக்கும். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு சாயங்காலம் மகள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, வேன் நிற்கும் இடத்தில் ஓர் ஆன்ட்டி வெல்லப்பாகில் வேர்க்கடலை போட்டுப் பிடித்த மல்லாட்டை உருண்டை கொடுத்ததாகச் சொன்னாள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

"வாங்கிக்கினியா?"

"செல்லப் பேரு சொல்லிக் கூப்டாங்கம்மா. நம்ம ஊட்டு ஆளுன்னு நெனச்சேன்."

அந்தப் பெயரை வெளியே சொன்னது நான் ஒருத்திதான்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். முனையிலிருந்த தையல் கடையைக் காட்டினாள். மெஷினில் இருந்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைப் பார்த்ததும் நெடுநாள் பழகியவர்போல எழுந்து வந்தார். பக்கத்திலுள்ள பிரம்மதேசம் ஊர்க்காரர். என் படங்களைத் தினமும் பார்ப்பாராம். எங்கள் கேட்டின் நிறம், நான் ஏறும் ரயில், வீடு பூட்டிக்கிடந்த நாலு நாள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்கக் கேட்க, யாரோ என் கையைப் பிடித்து என் வீட்டையே எனக்குச் சுற்றிக் காட்டுவதுபோல இருந்தது. கோபத்தோடுதான் போயிருந்தேன். அது எங்கே போனதென்று தெரியவில்லை. மகளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் முகம் சிறுத்துவிட்டது. கையிலிருந்த துணியையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"தப்புதாங்க. ஆசையில குடுத்துட்டேன்," என்றார். பிறகு மெதுவாக, "எனக்கே இவ்ளோ தெரியுதுன்னா, வேற எவனாச்சும் பாத்துக்கினு இருந்தா என்னாங்க பண்ணுவீங்க?"

அன்று மாலை போனை எடுத்து உட்கார்ந்தேன். என் படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றுதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. தெரிந்தவர்கள் மட்டும் என்று மாற்றினேன். இருக்கும் இடத்தைக் காட்டுவதை நிறுத்தினேன். நேரில் பார்த்திராதவர்களை ஒவ்வொருவராக நீக்கினேன். மகள் தோளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பல் விழுந்த படம் வந்ததும், "இத ஏம்மா போட்ட? என்னக் கேக்கவே இல்லியே," என்றாள். போனை அவள் கையில் கொடுத்தேன். அவளையே அழிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் படம் என்றால் முதலில் அவளைக் கேட்பேன். பெரும்பாலும் வேண்டாம் என்பாள்.

நீக்கியவர்களில் தையல்கடை அக்காவும் இருந்தார். அது கொஞ்ச நாள் உறுத்தியது. ஜூன் மாதம் யூனிபார்ம் துணியை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன்.

"போன்ல இப்ப உங்கள காணமேங்க," என்றார்.

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும்னு மாத்திட்டேன்க்கா."

"நல்லதுங்க," என்று டேப்பை எடுத்து மகளின் தோளை அளந்தார். யூனிபார்ம் சற்றுத் தொளதொளவென்றுதான் வந்தது. வளர்ற புள்ளை, ரெண்டு வருஷம் வரும் என்றார். வந்தது.