சன்னல் வரைக்கும் ஒரு சாய்மானம்

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் பாடத்தில் யாருக்கும் முதுகு வலிக்காது. பலகையில் ஒரு சரிவு வரைவேன். சரிவின் மேல் ஒரு பெட்டி வைப்பேன். பெட்டியின் எடை நேராகக் கீழே இழுக்கும், சரிவு அதைத் தாங்கும், உராய்வு அதைச் சறுக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். மூன்று விசைக்கும் மூன்று அம்புக்குறி. அவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் பெட்டி அசையாது. பக்கத்தில் சமநிலை என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போவேன். மீஞ்சூருக்கு அப்பால் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இதுதான் என் பிழைப்பு.

என் நைனா கன்டெய்னர் வண்டி ஓட்டியவர். வாழ்நாள் முழுக்கத் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் நின்றவர் என்று சொன்னால் இன்னும் பொருந்தும். எங்கள் பக்கத்து டிரைவர்கள் ஓட்டும் நேரத்தைவிடத் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். ஒரு மழை நாளில், பெட்டியை வண்டியோடு சேர்த்துப் பூட்டும் பூட்டைச் சரிபார்க்க மேலே ஏறினார். எண்ணெய் ஊறிய இரும்பில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாமல் போயிற்று. வேண்டிய இடத்தில் உராய்வு இல்லை. பிறகு வேண்டாத இடத்தில் வந்து சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வண்டி முதலாளி ஒரு பை ஆப்பிளோடு வந்து போனார். அப்புறம் அவருடைய போனுக்கு நைனாவின் குரல் கேட்காமல் போய்விட்டது. அந்த ஆள் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

எங்கள் வீடு திருவொற்றியூரில், கன்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டும் சாலையை ஒட்டிய சந்தில் முதல் வீடு. முன்னறைச் சன்னலைத் திறந்தால் சாலைதான். கட்டிலைச் சன்னலோரம்தான் போட்டிருந்தோம். ஆனால் சன்னல் உயரம். படுத்திருக்கும் நைனாவுக்குத் தெரிந்ததெல்லாம் கூரையின் சிமெண்ட் ஓடுகளும் மின்விசிறியும்தான். வண்டிச் சத்தம் மட்டும் காதில் விழும். அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், சுவர்தான் இருக்கும்.

அப்போதுதான் பாய் மாமா வந்தார். தண்டையார்பேட்டைக்காரர், நைனாவோடு சேர்ந்து வண்டி ஓட்ட ஆரம்பித்தவர், இன்னமும் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் நுழைந்ததும் நைனாவையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா தோஸ்து, ஓட்ட எண்ணிக்கினு கீறியா?"

"வேற இன்னா கீது எண்றதுக்கு?"

பாய் மாமா வெளியே போனார். வரிசையில் நிறுத்தியிருந்த தன் வண்டியிலிருந்து ஒரு ஒட்டுப்பலகையும், டயருக்கு அண்டை கொடுக்கும் மரக்கட்டைகள் இரண்டும் தூக்கிக்கொண்டு வந்தார். ஆப்பு வடிவத்தில், கிரீஸ் படிந்து கறுத்த கட்டைகள். மெத்தையின் தலைமாட்டுப் பாதிக்கு அடியில் பலகையைச் செருகினார். பலகைக்கு அடியில் கட்டைகளை வைத்து, வண்டிச் சக்கரத்துக்கு வைப்பதைப் போலவே காலால் ஒரு உதை விட்டு இறுக்கினார். நைனா மெல்ல மேலே வந்தார். கூரை கீழே இறங்கிச் சன்னல் ஆனது.

"தெரியுதா?"

நைனா சாலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு, "அந்தப் பச்ச வண்டி யார்து? பின் டயர்ல காத்து கம்மியா கீதே, சொல்லுடா அவனாண்ட" என்றார். அம்மா சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செய்தி வரிசை முழுக்கப் பரவிவிட்டது. தெரிந்த டிரைவர்கள் எல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பார்கள். நைனா வலது கையைத் தூக்குவார், கேபினில் உட்கார்ந்து எதிர் வண்டிக்காரனுக்குக் காட்டுவாரே அதே தூக்கல். "தெருவே நம்மளத் திட்டுது" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். ஆனால் அவள்தான் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சன்னலைத் திறந்து வைப்பாள்.

ஒரே ஒரு பேஜாரு. நைனா சறுக்கினார். காலையில் சன்னலில் இருப்பவர் சாயங்காலத்துக்குள் இறங்கி, முகவாய் நெஞ்சில் இடிக்க, கால் கட்டிலுக்கு வெளியே தொங்கக் கிடப்பார். நானும் அம்மாவும் அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்போம். நான் கல்லூரிக்குப் போய்விட்டால் அம்மா தனியாக இழுப்பாள். அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அதற்கும் பாய் மாமாவிடம் வழி இருந்தது. அடுத்த தடவை ஒரு ரப்பர் விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்.

"இரும்புச் சுருள் ஏத்தறப்போ வண்டில அடில ரப்பர் போட்றோமே, இன்னாத்துக்கு? வயுக்கிட்டுப் போவக்கூடாதுன்னுதானே? எம்மாம் பெரிய சுருளு, நிக்குதா இல்லியா? நீ இன்னா அத்தவிட கனமா?"

"போடு போடு. நானும் லோடுதான இப்போ" என்றார் நைனா.

துறைமுகத்தை நம்பி வாழும் மனிதர்களுக்கு உராய்வு என்பது கும்பிட வேண்டிய பொருள். சரக்கு நகர்ந்தால் வண்டி கவிழும், வண்டி கவிழ்ந்தால் ஆள் காலி. நகராமல் நிற்பது எதுவோ அது நல்லது. இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரப்பரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, மெத்தைமேல் விரித்து, அதன்மேல் அம்மா தன் பழைய நூல் புடவை ஒன்றை இழுத்துக் கட்டினாள். நைனாவைச் சாய்த்தோம். சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது காலையில் இருந்த இடத்திலேயே இருந்தார். ஒரு விரல்கூட இறங்கவில்லை. பாய் மாமாவுக்கு அம்மா பிரியாணி செய்து போட்டாள். பிரியாணியில் அவருக்கே பாடமா என்று நான் கிண்டல் செய்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

உடம்பு துடைக்கும்போது நைனாவின் வால் எலும்புக்கு மேலே சிவந்திருப்பதை அம்மாதான் பார்த்தாள். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவினாள். சிவப்பு கறுத்தது. அப்புறம் தோல் திறந்துகொண்டது. நைனாவுக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் தப்பித்திருப்பார்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் அம்மா மூக்கைச் சுளிக்கவில்லை, அதற்காக அவரை நான் மறக்க மாட்டேன். புண்ணைச் சுத்தம் செய்தார். கட்டைகளைப் பார்த்தார். விரிப்பைத் தூக்கி ரப்பரைப் பார்த்தார்.

"மொதல்ல இத எடுத்து வெளிய போடுங்க. சாய்ச்சு வைக்காதீங்க. தட்டையா படுக்க வெச்சு ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி விடுங்க" என்றார். காரணம் கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

காரணம் மறுநாள் வகுப்பில் கிடைத்தது. வழக்கம் போலச் சரிவும் பெட்டியும் வரைந்திருந்தேன். வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு பெண், எதற்கும் கை தூக்குகிறவள், கேட்டாள்.

"மேம், பெட்டி நகரலன்னா அதுக்கு ஒண்ணும் ஆவலன்னுதானே அர்த்தம்?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நைனாவுக்கு அடியில் விரித்த ரப்பர் நினைவுக்கு வந்தது. பாடப்புத்தகத்துப் பெட்டி உள்ளும் புறமும் ஒரே பொருள். வெளியே நகராவிட்டால் உள்ளேயும் நகராது. அந்த நம்பிக்கையில்தான் மொத்தப் பாடமும் ஓடுகிறது. நைனா பெட்டி இல்லை. ரப்பர் அவருடைய தோலைப் பிடித்துக்கொண்டது. எலும்பு உடம்பின் எடையில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுவில் மாட்டிய சதையும் ரத்தக் குழாய்களும் நாள் முழுக்க இழுபட்டு, உள்ளுக்குள் கிழிந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அசைவே இல்லை. கணக்குப்படி சமநிலை. அதைப் பார்த்துத்தான் நாங்கள் பிரியாணி தின்றோம்.

பலகையை அழித்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தப் பெண் பயந்துபோய்க் கையை இறக்கிக்கொண்டாள்.

பாய் மாமாவிடம் சொல்லாமல் மறைக்க நினைத்தோம். ரப்பர் வாசலில் கிடந்ததைப் பார்த்து அவரே கேட்டுவிட்டார். அம்மா சொன்னதும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே அவன கொன்னுட்டேனா?"

"இன்னாத்துக்கு இப்டி பேசற அண்ணே? நீ இல்லன்னா அந்த மனுசன் என்னிக்கோ போயிருப்பாரு" என்றாள் அம்மா. அவர் ரப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். உள்ளே வந்து நைனாவைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் வரவும் இல்லை. கட்டைகள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன.

தட்டையாகப் படுத்த நைனாவின் கண் மறுபடியும் கூரைக்குப் போனது. ஹாரன் சத்தம் மட்டும் நிற்கவில்லை, வரிசையில் யாருக்கும் விஷயம் தெரியாதே. ஒவ்வொரு ஹாரனுக்கும் படுத்தபடியே கையைத் தூக்குவார். அந்தக் கை சன்னலுக்குக் கீழேயே நின்றுவிடும், சாலையிலிருந்து எவனுக்கும் தெரியாது. சமையலறையிலிருந்து எனக்குத் தெரியும். அந்த வீட்டில் என்னால் பார்க்க முடியாதது புண் இல்லை, அந்தக் கைதான். பிறகு அவர் தூக்குவதை நிறுத்திவிட்டார். "ஹாரன் அடிக்காதீங்கடான்னு போய்ச் சொல்லு" என்றார் ஒருநாள். அதன் பிறகு சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். கஞ்சி வைத்தால் இரண்டு வாய், அதுவும் அம்மாவுக்காக.

தட்டையாகப் படுக்கவைத்த பிறகும் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது, ஆபரேஷனைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்றார் டாக்டர். "வீட்டுல வெச்சு பாத்துக்கோங்க."

"பாத்துக்கோங்கன்னா இன்னா டாக்டர்? இன்னா பாத்துக்கணும்?" என்று கேட்டாள் அம்மா. அவர் சின்ன வயசுக்காரர். கேஸ் தாளைப் புரட்டத் தொடங்கினார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. காலை வெயில் வந்திருந்தது. நான் புண்ணுக்குக் கட்டு மாற்றி முடித்ததும் நைனா கூப்பிட்டார்.

"கண்ணு. அந்தக் கட்டைய வையி."

"வெச்சா புண்ணு பெர்சாவும் நைனா."

"வெக்காட்டி ஆறிடுமா?"

நான் பஞ்சையும் துணியையும் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நீ டீச்சர்தானே. தெரிஞ்சா சொல்லு."

எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கோணத்தில் பெட்டி சறுக்கத் தொடங்கும் என்ற கணக்கு மட்டும்தான். தட்டையாகப் போட்டால் நாள் கூடும், ஆனால் நாள் முழுக்கக் கூரைதான். சாய்த்தால் சாலை, ஆனால் நாள் குறையும். இதற்கு எந்தப் பக்கத்தில் விடை போட்டிருக்கிறது? அம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வெச்சித் தொல. பாக்கட்டும்" என்றாள்.

கட்டைகளை எடுத்துத் துடைத்தேன். பலகையைச் செருகி, பாய் மாமா செய்த மாதிரியே காலால் உதைத்து இறுக்கினேன். ரப்பர் இல்லை, வழவழப்பான ஒரு போர்வை மட்டும். நைனா எடை குறைந்து போயிருந்தார், சுலபமாக மேலே வந்துவிட்டார். அம்மா சன்னலைத் திறந்தாள்.

வண்டி வரிசை நின்றிருந்தது. நேர் எதிரில், எங்கள் கெட்ட நேரமோ நல்ல நேரமோ, பாய் மாமாவின் வண்டி. கேபினிலிருந்து அவர் எங்களைப் பார்த்துவிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். பிறகு ஹாரன் அடித்தார், நீளமாக. பின்னால் நின்றவன் அடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். நைனா கையைத் தூக்கினார். தூக்கிய கை இறங்கவில்லை.

இறங்கியது உடம்புதான். தோள் பலகையைவிட்டு மெல்ல நழுவுவது எனக்குத் தெரிந்தது. நான் தலைமாட்டில் நின்று இரண்டு அக்குளிலும் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு இளைத்த மனிதரிடம் இத்தனை கனம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மா சுவரோரம் நின்றாள், அவளால் கை கொடுக்க முடியாது.

"வுட்றாத கண்ணு" என்றார் நைனா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த வண்டிங்க கெளம்பற வரிக்கும்."

வரிசை நகரவில்லை. வியர்வையில் என் விரல்கள் வழுக்க ஆரம்பித்தன.