தரை தொடாத நூல்

வளர்ந்த ஆண்களுக்கு ஆங்கிலப் பழமொழிகளின் பொருளைச் சொல்லிக் கொடுப்பது, அவர்கள் நாம் சொல்வதை அப்படியே நம்பும்வரை சுகமான தொழில்தான்.

பெரியவர்களுக்குப் பாடம் எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரவில் எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் காவல் வேலை. மாலை ஐந்திலிருந்து ஏழுவரை ஒரு தையற்கடையின் பின்னறையில் வகுப்பு. கப்பல்கள் கழித்துவிட்டுப்போன பத்திரிகைகளை வாசித்து நானாகப் பிடித்த ஆங்கிலம்தான் என்னுடையது. துறைமுகத்தில் நல்ல வேலைக்கு நேர்முகம் வைத்தால், ஒரு பழமொழியைச் சொல்லிப் பொருள் கேட்பது அந்த நாளைய வழக்கம். அதற்காகவே என்னிடம் ஆட்கள் வந்தார்கள்.

*குசினிக்காரர்*

ஒரு குழம்புக்குச் சமையற்காரர் கூடிப்போவதைப் பற்றிய பழமொழியை ஒருநாள் பலகையில் எழுதினேன். ஒரு வேலைக்கு ஆள் கூடினால் வேலை கெடும் என்று பொருள் சொன்னேன். நிலாவெளியில் கரைவலை இழுக்கும் அந்தோனி கொப்பியை மூடிவிட்டார்.

"எங்கட வலைக்கு முப்பது பேர் வேணும் மாஸ்டர். இருபத்தைஞ்சு பேர் நிண்டா வலை கடலோட போயிடும். இதை எழுதின ஆள் குசினியை விட்டு வெளிய வந்ததே இல்லைப் போல."

*காசிம் நானாவின் ஞாயிற்றுக்கிழமை*

வகுப்புக்கு வந்த இன்னொருவர் காசிம் நானா. கிண்ணியாத் துறையில் லொறியையும் பஸ்ஸையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையில் வேலை செய்தவர். கப்பல்களுக்கு வழிகாட்டும் துறைமுகப் பைலட் படகை ஓட்டச் சுக்கானி தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. வயதெல்லை நாற்பத்தைந்து; அவருக்கு நாற்பத்து நாலு. இந்த முறை தவறினால் சாகும்வரை மிதவைதான்.

அசையாத நீரையும் அதன் ஆழத்தையும் இணைத்துப் பேசும் பழமொழி நேர்முகத்தில் அடிக்கடி வரும். அமைதியான மனிதரிடம் ஆழமான அறிவு இருக்கும் என்று பொருள் எழுதிக் கொடுத்து, "பாடமாக்குங்கோ நானா" என்றேன். தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை அந்தோனியின் தோணியை வாங்கிக்கொண்டு, ஈயக்குண்டு கட்டிய நூலோடு போய் ஐந்து இடத்தில் ஆழம் பார்த்துவிட்டு வந்தார். கைகளை விரித்தால் ஒரு பாகம். அந்தக் கணக்கில் ஐந்து அளவையும் ஒரு சிகரட் பெட்டியின் உட்புறத்தில் எழுதி என்னிடம் நீட்டினார்.

ஐந்தில் ஓர் இடம் நான் காவல் நிற்கும் இறங்குதுறையிலிருந்து கூப்பிடு தூரம். பதினாறு வருடமாக இரவு முழுக்க அந்தத் தண்ணீரைப் பார்த்து என் கவலைகளை எண்ணியிருக்கிறேன். அதற்கு அடி எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. சிகரட் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"எங்கட களப்புத் தண்ணி கண்ணாடி மாதிரி அசையாம இரிக்கு மாஸ்டர், இறங்கினா முழங்காலளவு சேறு. அஞ்சையும் முடிச்சு துறைமுக வாயிலுக்கு வெளிய போனா அலை தோணியைத் தூக்கி எறியுது, அங்க என்ட நூல் முடிஞ்சிது, தரை தட்டல்ல."

*சுவரில் இருந்த கடல்*

நேர்முகத்தன்று காலை, இரவு வேலை முடிந்த உடுப்போடேயே அலுவலக ஜன்னலோரம் போய் நின்றேன். நானும் மூன்று முறை அந்த நேர்முகக் கதிரையில் இருந்தவன். மூன்று முறையும் பிசகாமல் பொருள் சொல்லி, காவற்காரனாகவே திரும்பியவன்.

அதிகாரி அதே பழமொழியைத்தான் கேட்டார். காசிம் நானா, தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களில், அது சரியில்லை என்றார். எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய கடல் வரைபடத்தில் விரலை வைத்து, ஒவ்வோர் இடமாக ஆழத்தைச் சொன்னார். அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். நாலு இடம் அச்சடித்தபடியே இருந்தது. ஐந்தாவதில், என் இறங்குதுறைக்கு முன்னால், இரண்டு பாகம் குறைந்தது. போன மாரியில் அங்கே ஒரு சரக்குத் தோணி மூழ்கிப்போனது என்றும், ஈயக்குண்டு அதன் பலகையில்தான் தட்டியது என்றும் கையால் காட்டி விளங்கப்படுத்தினார்.

அதிகாரி பென்சிலை எடுத்து, வரைபடத்திலேயே அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் போட்டார். வெள்ளைக்காரர் அளந்து அச்சடித்த கடலைக் கிண்ணியாக்காரர் ஒருவர் திருத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன். திங்கட்கிழமை படகுக்கு வரச் சொன்னார்கள்.

வெளியே வந்தவரிடம், "நான் சொல்லித் தந்ததைச் சொல்லியிருக்கலாமே நானா, என்ர உயிர் போய் வந்தது" என்றேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்வதுபோல என் தோளைத் தொட்டார்.

"நீங்க எழுதித் தந்தது மனுசருக்குச் சரி மாஸ்டர். கப்பல் அதை நம்பினா அடி இடிக்கும்."

இப்போதெல்லாம் பலகையில் பழமொழியை எழுதிவிட்டு, பொருளை எழுதுமுன் கிண்ணியாக்காரர் யாராவது வந்திருக்கிறாரா என்று ஆட்கள் இருக்கும் வாங்குகளை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.