அழாத பிள்ளை

சுகுணாவின் முதல் பிள்ளை அழவே இல்லை. பிறந்தபோது கரகரவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பால் கொடுக்கக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. மலைமேல் இருக்கும் திண்ணனூர் நாட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள்.

"தங்கமான புள்ளை கண்ணு உனக்கு. பசிச்சாக்கூட அழுவறதில்லை" என்றாள் மாமியார் கண்ணாயி.

சுகுணாவுக்கும் பெருமைதான். சுமித்ரா என்று பெயர் வைத்தார்கள். குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, சீக்கிரமே மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் களையெடுக்கப் போனாள்.

மாதங்கள் போயின, குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை. நாக்கு வெளியே துருத்திக்கொண்டே இருந்தது. ஒரு வயது தாண்டியும் உட்காராமல் போகவே, கணவன் சதீஷ்குமார் இருவரையும் பஸ்ஸில் மலையிறக்கிச் சேலத்துக்குக் கூட்டிப்போனான்.

அங்கே டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, சுகுணாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வீக்கம் எப்போதிருந்து?"

"வயசுக்கு வந்ததிலிருந்தே இருக்குதுங்க. எங்க பக்கம் நெறையப் பேத்துக்கு உண்டுங்க. வலியொண்ணும் இல்லீங்க."

"வீட்டுல என்ன உப்பு போடறீங்க?"

"மூட்டை உப்புதானுங்க. லாரியில வரும். மாட்டுக்கும் அதேதான், எங்களுக்கும் அதேதான்."

ரத்தப் பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். அந்த உப்பில் அயோடின் இல்லை. அயோடின் குறைவாக இருக்கும் உடம்பில், தினமும் தின்னும் குச்சிக்கிழங்கு அந்தக் குறையை இன்னும் கூட்டிவிடும். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளரத் தாயின் கழுத்துச் சுரப்பிதான் ஆரம்பத்தில் வேலை செய்ய வேண்டும். அதற்கே அயோடின் போதாதபோது பிள்ளைக்கு எங்கிருந்து கிடைக்கும்?

"இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா எனக்கு அப்படித்தான் தெரியுது."

"மாத்திரை குடுத்தா சரியாயிருங்களா?"

"உடம்பு வளரும். எழுந்து நடக்கும். ஆனா மூளை வளர வேண்டிய காலம் நிறையப் போயிருச்சும்மா."

திரும்பும் வழியெல்லாம் சதீஷ்குமார் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான்: "நம்மகிட்ட யாருமே சொல்லலியே புள்ளே." சுகுணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழாத பிள்ளை என்று தான் சந்தோஷப்பட்ட நாள்களையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

மாத்திரை கொடுத்துக் கொடுத்து, நாலு வயதில் சுமித்ரா நடந்தாள். பேச்சு வரவில்லை. காதும் சரியாகக் கேட்கவில்லை என்றார்கள்.

சுகுணா மறுபடி உண்டானபோது டாக்டரம்மா சொன்னபடி மாத்திரை சாப்பிட்டாள். வீட்டுக்குள் பாக்கெட் உப்பைத் தவிர வேறு உப்பை விடவில்லை. பையன் பிறந்ததும் வீடே அதிர வீறிட்டான்.

"இதென்ன இப்படிக் கத்துது, எடுத்துப் பாலைக் குடு புள்ளே" என்று கண்ணாயி விரட்டினாள். சுகுணா கொஞ்ச நேரம் எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தமிழ்செல்வன் குப்புற விழுந்தான், தவழ்ந்தான், ஓடினான், ஓயாமல் பேசினான். ஊரே அவனைக் கொஞ்சியது. அவன் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய சுகுணாவுக்குள் ஏதோ அறுந்துகொண்டே வந்தது. இவன் இப்படி இருக்கிறான் என்றால் சுமித்ராவும் இப்படித்தானே இருந்திருப்பாள்? பையன் மந்தமாக இருந்திருந்தால்கூட விதி என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். அப்படி நினைத்த நாளில் அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நம்ம சுமித்ராவும் இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருப்பாள்ல?" என்று கணவனிடம் ஒருமுறை கேட்டாள்.

"உட்டுரு புள்ளே. ரெண்டுல ஒண்ணாவது நல்லாருக்குதுல்ல."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அதன்பிறகு அவள் அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை.

தம்பி கொஞ்ச காலம் அக்காவோடு விளையாடினான். பந்தை உருட்டுவான், அவள் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவனுக்குச் சலித்துவிட்டது. "அக்காவுக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பிள்ளைகளோடு ஓடினான்.

இப்போது சுமித்ராவுக்குப் பதினோரு வயது. சுகுணா மிளகு பறிக்கப் போகும்போது அவளையும் கூட்டிப்போய் நிழலில் உட்கார வைக்கிறாள். உட்கார வைத்த இடத்திலேயே இருக்கிறாள். சாயங்காலம் தமிழ்செல்வன் பாடத்தை உரக்கப் படிக்கும்போது, சுமித்ரா எதிரே உட்கார்ந்து அவன் வாயையே பார்ப்பாள். பார்த்துப் பார்த்துத் தன் வாயையும் திறந்து மூடுவாள். அந்த நேரத்தில் சுகுணா ஏதாவது வேலை என்று எழுந்து வெளியே போய்விடுவாள்.