ராணிக்குக் கதிரை வேண்டாம்

இரண்டு உள்ளங்கையிலும் அந்தச் சிமெந்துத் தரையின் குளிர்... தலைக்கு மேலே ரொசாலி பூசும் கொக்கோ பட்டர் வாசம்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மாதா கோவிலின் கீழ் மண்டபம். நாடகத்தில் நான் ராணியின் தோழி. எனக்கு வசனமே இல்லை, முதுகு மட்டும்தான் தேவை.

ரொசாலி அங்கோலாக்காரி. ஒரே கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், இரண்டு பேரும் பிள்ளைகளைப் பார்த்தோம். டிவி நாடகங்களில் ஆப்பிரிக்கப் பெண்கள் ஒன்றில் அழுவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் சுமப்பார்கள் என்று அவளுக்கு ஒரே கொதி. "உங்கட ஊரில ராணியும் இருந்தவவோ?" என்று பள்ளிக்கூடத்தில் அவள் மகளைக் கேட்டுச் சிரித்தார்களாம். அதனால் அவளே பிரெஞ்சில் ஒரு நாடகம் எழுதினாள். மகள் முன்வரிசையில் இருந்து அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

நாடகக் கதை இதுதான்: பின்னாளில் அங்கோலாவில் ராணியான ஒருத்தி, போர்த்துக்கீச ஆளுநரோடு பேசப் போகிறாள். அவனுக்குக் கதிரை, அவளுக்கு வெறும் பாய். தோழியைக் குனியச் சொல்லி, அவள் முதுகில் அமர்ந்து, சரிக்குச் சரியாகப் பேசுகிறாள். நடந்த கதை என்பார்கள்.

ஒத்திகையில் ரொசாலி தன் பாரத்தைக் காலில் தாங்கி, பட்டும் படாமலும்தான் என்மேல் இருப்பாள். எனக்கு நோகுமாம்.

ஆளுநராக நடித்தவர் மன்னார் அந்தோனி அண்ணை. ஊர்க் கூத்தில் ராசா வேஷம் கட்டினவர்.

நாடகம் போட்ட அன்றைக்கு ரொசாலி ராணியின் தலைக்கட்டோடு மேடைக்கு வந்தாள். அண்ணை என்ன நினைத்தாரோ... எழும்பிவிட்டார்.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ."

கதிரையையும் நீட்டிவிட்டார்.

வந்த பெண்ணை நிற்க வைத்துக் கதைத்துப் பழகாத மனிசன், பாவம். தமிழ்ச் சனம் முழுக்கச் சிரித்தது. கதிரை கிடைத்துவிட்டால் பிறகேது நாடகம்? ரொசாலியின் மகள் எதைப் பார்ப்பாள்?

ரொசாலி கதிரையை ஒரு கையால் ஒதுக்கினாள். நீ தந்து நான் இருப்பதா என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு என் முதுகில் அமர்ந்தாள்... முழுப் பாரத்தோடும். சிரிப்பு அடங்கியது. முன்வரிசையில் மகள் எழும்பி நின்று கை தட்டினாள்.

இப்போது ரொசாலி லுவாண்டாவில் இருக்கிறாள். வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைப்போம். அந்தக் கார்டெரிக்கு இன்றைக்கு நான்தான் பொறுப்பு. எனக்கென்று சுழல்கதிரை, முதுகுக்கு மெத்தை எல்லாம் உண்டு.

வசதிதான். ஆனால் சாயும்போதெல்லாம் முதுகு வெறுமையாக இருக்கிறது... அவளுடைய பாரம் இன்னொருமுறை வேண்டும் போலிருக்கிறது.